முள்ளங்கி மாதிரி

1

போலந்தின் லுப்லின் நகரில் இன்று காலை பளிச்சென்று வெயில். ஜன்னலோர மேசையில் கறுப்பு மைப் பேனா இரண்டு, என் அக்கா அஞ்சலையின் பாஸ்போர்ட் நகல், அவளுடைய புகைப்படம் இரண்டு, என் மகள் யாழினியின் கல்யாண அழைப்புக் கடிதம் ஆகியவற்றை இடமிருந்து வலமாக அடுக்கி வைத்துக்கொண்டு, அக்காவுக்கான விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அக்கா நைனார்பாளையத்தில். போன் என் காதில்.

தொழில் என்ற கட்டம் வந்தது.

"விவசாயம்னு போடட்டுமாக்கா?"

"நெலம் எங்கடா இருக்குது? கூலி வேலன்னு போடு. மரவள்ளி புடுங்கறதுன்னு சேத்துப் போடு."

சேர்த்துப் போட்டேன். கட்டத்துக்குள் இடம் இருந்தது.

"இதுக்கு முன்னாடி எந்த வெளிநாட்டுக்குப் போயிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

"ரெண்டு தபா பெங்களூர் போனேனே, அது சேருமா?"

சேராது என்றேன். அடுத்த கட்டம் பயணத்தின் நோக்கம். அதைப் படித்துச் சொன்னதும் அக்காவின் குரல் மாறியது.

"அதுல மட்டும் நான் சொல்றத அப்பிடியே எழுதணும். உன் இஷ்டத்துக்கு எதுனா எழுதாத. இரு, கோழி உள்ள பூந்து அரிசியக் கிண்டிக்கினு இருக்குது. தொரத்திட்டுக் கூப்புடறேன்."

போனை வைத்துவிட்டாள். அக்கா வீட்டுக் கோழிகளை எனக்குத் தெரியும். குறைந்தது அரைமணி நேரம் ஆகும். காத்திருக்கும் நேரத்தில், என் வழக்கப்படி, சென்ற ஆண்டு இதே நாளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரே வரிதான் இருந்தது.

"பச்சடி 4. அதில் பிழை 1."

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி விஜயா, "விசா பாரத்துல அப்படி இன்னா ஜோக்கு?" என்று கேட்டாள். நாட்குறிப்பை நீட்டினேன். அவளும் சிரித்தாள். அக்கா திரும்ப அழைப்பதற்குள் அந்தப் பிழையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு பால்பண்ணையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தயிரின் சூட்டையும் புளிப்பையும் அளந்து எழுதுவது என் பொறுப்பு. நாற்பத்து மூன்று டிகிரியில் உறைக்கு வைத்து, ஆறு டிகிரிக்குக் குளிரவைத்து, கிண்ணத்தில் அடைப்பார்கள். கால் டிகிரி கூடினாலும் நான் சிவப்பு மையில் எழுதுவேன். வேலையிடத்தில் என்னை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை; ஆனால் நம்புவார்கள்.

சொல் விஷயத்தில் மட்டும் நான் தொடக்கத்திலிருந்தே அவ்வளவு சரியாக இருந்ததில்லை. வந்த முதல் வருடம், மதிய உணவுக்கு பீட்ரூட் தயிர்ப் பச்சடி எடுத்துப் போயிருந்தேன். தயிரில் பீட்ரூட்டைப் போட்டால் ஒரு ரோஜா நிறம் வருமே, அதைப் பார்த்து உடன் வேலை செய்பவர்கள் கூடிவிட்டார்கள். இது என்ன என்று கேட்டார்கள். பீட்ரூட்டுக்கு போலிஷ் மொழியில் 'புராக்' என்று அன்றுதான் மனப்பாடம் செய்திருந்தேன். "என்னிடம் இருக்கிறது" என்பதற்கு 'மாம்'. "நான்" என்று தன்னை இன்னார் எனச் சொல்வதற்கு 'யெஸ்தெம்'. நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "யெஸ்தெம் புராக்" என்றேன். நான் பீட்ரூட். அது போதாதென்று, புராக் என்றால் இங்கே நாகரிகம் தெரியாத காட்டான் என்றும் ஒரு பொருள் உண்டாம். புது ஊரில், புது வேலையில், நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஒரு காட்டான்" என்று அறிவித்திருக்கிறேன். கைதட்டினார்கள். கிழவர் ஒருவர் வந்து கைகுலுக்கி, தானும் அப்படித்தான் என்றார்.

அன்றிலிருந்து சொற்களிலும் கவனமாகிவிட்டேன். பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய பிழையும் இல்லை. சென்ற ஆண்டு வரை.

3

யாழினிக்கு இப்போது இருபத்தைந்து வயது. நாங்கள் இருவரும் முதலில் இங்கே வந்தபோது அவளை அழைத்துவர முடியவில்லை. காகிதங்கள் சரியாக மூன்று வருடம் ஆயின. ஒரு முறை பிறப்புச் சான்றிதழில் 'ழி' இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை, 'ழி' வந்ததால் பெயர் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மூன்று வருடமும் அவள் நைனார்பாளையத்தில் அத்தையிடம் வளர்ந்தாள். அத்தை வேலைக்குப் போகிற மரவள்ளிக் காட்டுக்கெல்லாம் பள்ளி விடுமுறையில் கூடவே போவாள். இங்கே வந்தபிறகு அவளுடைய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. "அப்பா, நான் பஸ்ஸை எடுத்து வரேன்" என்பாள். கேட்கிறவர்களுக்கு அவளே ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்று தோன்றும். ஆனால் அத்தையிடம் பேசும்போது மட்டும் 'இன்னாத்தே' என்று அப்படியே அந்த ஊர்க்காரியாகிவிடுவாள்.

அவளும் தோமெக் என்ற இந்த ஊர்ப் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நல்ல பையன். உயரம்தான் ஜாஸ்தி. எனக்கும் விஜயாவுக்கும் சம்மதம். யாழினி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அத்தை சரின்னு சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேன்."

அத்தை சரி என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. வீடியோவில் தோமெக்கைப் பார்த்துவிட்டு, "பையன் நல்லாத்தான் இளிக்கறான். அது எல்லாப் பையனும்தான் இளிப்பான். அவங்கம்மா யாரு, எப்பிடின்னு எனக்குத் தெரிய வேணாமா? பொண்ணு போயி பொழங்கப் போறது அந்தம்மாகிட்டதான? வரச்சொல்லு. நம்ம வூட்ல வந்து கை நனைக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றாள்.

எங்கள் பக்கம் இது பெரிய விஷயம். பெண் பார்க்க வந்தவர்கள் சம்பந்தம் பேசி முடிவதற்கு முன் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். காப்பி கூடச் சிலர் தொடமாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்கப்புறம் மாறிப் பேசக்கூடாது. பெண் வீட்டுக்காரர்களுக்கும் அதே கதைதான்.

தோமெக்கின் அம்மா பார்பரா தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறார். கணவர் இல்லை. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தோட்டம் உண்டு. அவரிடம் யாழினி இதையெல்லாம் விளக்கியபோது, அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்.

"காரமாக இருக்குமா?"

"இருக்கும்."

மிளகு தூவிய முட்டைக்கே தண்ணீர் குடிக்கிறவர். மறுநாள் டிக்கெட் எடுத்துவிட்டார்.

4

நாங்கள் இரண்டு வாரம் முன்னதாகவே ஊர் போய்ச் சேர்ந்தோம். அக்காவுக்கென்று பார்பரா ஒரு கண்ணாடி பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் தோட்டத்தில் தோண்டி, அவரே துருவிப் போட்ட ஒரு கிழங்கு. வெள்ளையாக, பூப்பூவாக இருந்தது. அக்கா அதை வாங்கி, நெற்றியில் ஒற்றாத குறையாக மரியாதை செய்து, திறக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"துன்னு பாக்கலியா அத்தை?" என்றாள் யாழினி.

"அவங்க வூட்டுப் பண்டத்த நான் வாயில வச்சா இன்னா அர்த்தம்? நான் இன்னும் சரின்னு சொல்லல இல்ல?"

விருந்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு என்று அக்கா முடிவு செய்தாள். காரத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றேன்.

"காரம் கம்மி பண்ணா அது கொழம்பு இல்லடா. கோழி குளிச்ச தண்ணி."

குழம்பில் கை வைக்க முடியாது என்று ஆனபிறகு, நான் பச்சடிகளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். காரத்தைத் தணிப்பதில் தயிருக்குத் துணையாகக் கிழங்கும் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. தயிர் மட்டும் என்றால் நாக்கின் மேல் ஓடிப்போய்விடும். கிழங்கு சேர்ந்தால் அங்கேயே தங்கி வேலை செய்யும். நாட்குறிப்பில் நான்கு பச்சடிகளைத் திட்டமிட்டேன்.

பீட்ரூட்டைத் தோலோடு வேகவைத்து, ஆறியபின் உரித்துத் துருவிக் கடைசி நிமிடத்தில் கலப்பது. முன்னதாகக் கலந்தால் நிறம் சிவப்பாகிவிடும், ரோஜாவாக இருக்காது. கேரட்டைப் பச்சையாகத் துருவி, கொஞ்சம் தேங்காய் சேர்ப்பது. முள்ளங்கியைத் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுக் கலப்பது. பிழியாவிட்டால் தயிர் நீர்த்துப்போகும். கடைசியாக மரவள்ளி. வேகவைத்து, நார் எடுத்து, மசித்து, தயிரில் கரைத்துக் கடுகும் கறிவேப்பிலையும் தாளிப்பது. மிளகாய் கிடையாது.

தயிர் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் எருமைத் தயிர். கோவிந்தம்மா அக்காவின் சிநேகிதி. இருவரும் ஒரே கும்பலில் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் ஒரு வேளை கஞ்சி குடிக்காதவர்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தயிர்ச் சட்டியில் நான் தெர்மாமீட்டரை வைத்தபோது இருவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி அஞ்சல, தயிருக்கு ஜொரமா?"

"லேசா காத்தால இருந்து. உங்க எரும குடுத்ததுதான்."

"ஊசி போடுவானா உன் தம்பி?"

நான் எட்டு டிகிரி என்று எழுதிக்கொண்டேன். ஆறாக இறக்க வேண்டும்.

5

பார்பராவும் தோமெக்கும் பெங்களூரில் இறங்கி, சேலம் வந்து தங்கி, அங்கிருந்து ரயிலில் சின்னசேலம் வந்தார்கள். நான் வாடகைக் காரோடு ஸ்டேஷனில் நின்றேன். ரயில் தெரிகிற நேரத்தில் போன் அடித்தது.

"டேய், நீ வாங்கின முள்ளங்கி உள்ள பஞ்சு பஞ்சா இருக்குதுடா. தூக்கிப் போட்டுட்டேன். அந்தம்மா குடுத்தாங்களே பாட்டிலு, வெள்ளையா துருவி வச்சிக்கினு, அது இன்னா?"

ரயில் நின்றது. எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. நான் நடைமேடையில் ஓடிக்கொண்டே, "அது முள்ளங்கி மாதிரிதான்க்கா" என்றேன்.

பதின்மூன்று வருடம் கால் டிகிரிக்குச் சிவப்பு மை போட்டவன். அந்த 'மாதிரி' என்ற சொல்லை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டேன்.

அந்தக் கிழங்குக்கு இங்கே 'ஹ்ஷான்' என்று பெயர். ஆங்கிலக்காரர்கள் குதிரை முள்ளங்கி என்று பொருள்படும்படி அழைக்கிறார்கள். பார்க்க முள்ளங்கிக்குப் பங்காளி. ஆனால் நம் மிளகாய்க்கு வேண்டுமானால் அது சம்பந்தி. போலந்துக்காரர்கள் ஈஸ்டர் முட்டையோடு தீக்குச்சி முனையளவு தொட்டுக்கொள்வார்கள். அக்கா அந்த பாட்டிலில் பாதியைத் தயிரில் கொட்டினாள்.

பிறகு விசாரணையில் தெரிந்தது: பாட்டிலைத் திறந்தபோது புளிப்பு வாடை வந்திருக்கிறது. ஊறுகாய் போட்ட முள்ளங்கி என்று நினைத்திருக்கிறாள். ருசி பார்க்கவில்லை. அவங்க பண்டத்தை அவங்களுக்கே பரிமாறுவதில் தப்பில்லை. தான் வாயில் வைத்தால்தான் தப்பு. அக்காவின் சட்டம் அது.

6

தரையில் இலை போட்டோம். பார்பரா சம்மணம் போட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். தோமெக்கின் முட்டிகள்தான் இரண்டு பக்கமும் அடுத்த இலைகளுக்குள் போயின. அக்கா உட்காரவில்லை. "நான் போடறேன், நீங்க சாப்புடுங்க" என்று கரண்டியோடு நின்றாள். உதவிக்குக் கோவிந்தம்மா.

பார்பரா மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வணக்கம், நல்லா இருக்கு, போதும். முதல் இரண்டில் குறையில்லை. மூன்றாவதில் ஒரு சிக்கல். 'போதும்' என்பதில் உள்ள 'து' அவர் வாயில் எப்படியோ 'டு' ஆகியிருந்தது.

முதல் வாய்க் குழம்பு உள்ளே போனதும் பார்பராவின் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மேலே ஏறியது. காது வரை போய் நின்றது. அக்கா மறுபடி கரண்டியைச் சாய்த்தாள். பார்பரா கையை இலைக்கு மேல் விரித்து, மரியாதையாகச் சொன்னார்:

"போடும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "போடும்மாங்கறாங்க பாருடி கோவிந்தம்மா! ருசி தெரிஞ்சவங்க!" இன்னொரு கரண்டி விழுந்தது.

"போடும்! போடும்!"

இன்னும் இரண்டு கரண்டி. இலையில் குழம்பு எல்லை தாண்டி ஓடியது. நான் பீட்ரூட் பச்சடியை அணைகட்டுவதுபோல் தள்ளினேன். அதை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்பரா கண்ணை மூடினார். சிவப்பு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. கேரட்டில் இன்னும் இறங்கியது. என் கொள்கை வேலை செய்கிறது! உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்றாவதாக வெள்ளைப் பச்சடியை எடுத்தார். காரம் தணிய வேண்டுமே என்று பெரிய கவளமாக எடுத்தார். அப்போதுதான் அந்த வாடை என் மூக்குக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் பாதி எழுந்தேன். போலிஷில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று தயங்கிய நேரத்தில் கவளம் போய்விட்டது.

பார்பரா அசையவில்லை.  பிறகு மெதுவாகத் தோமெக்கைத் திரும்பிப் பார்த்து, "ஹ்ஷான்" என்றார். அவனும் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். "ஹ்ஷான்!" என்றான். அடுத்த கணம் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். பார்பரா தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். குளிரும் என்று நினைத்து ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாயில் போட்டால், தன் வீட்டுத் தோட்டத்து எரிச்சலே வந்து நிற்கிறது!

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எதுக்குடி சிரிக்கறாங்க? என் பச்சடியப் பாத்தா சிரிக்கறாங்க?"

"அத்தே, அது வந்து, அது..." யாழினிக்கும் சிரிப்பில் மூச்சு வரவில்லை.

"தள்ளு!" அக்கா கரண்டியை விட்டு உள்ளங்கையில் பச்சடியை ஊற்றி, மோர் குடிப்பதுபோல் ஒரே இழுப்பில் உறிஞ்சினாள்.

என் அக்கா பச்சை மிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கடிக்கிறவள். இரண்டு கணம் ஒன்றும் ஆகவில்லை. வெற்றியோடு என்னைப் பார்த்தாள். மூன்றாவது கணம் அது மூக்குக்குள் ஏறியது. மிளகாய் நாக்கோடு நின்றுவிடும்; இது அப்படியில்லை, உச்சந்தலை வரை போய்க் கதவைத் தட்டும்.

"ஐயோ! மண்டையில ஆணி அடிக்கறானே! டேய் சேகரு! இன்னாடா இது!"

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. பார்பரா எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்து முதுகில் தட்டினார். கோவிந்தம்மா உச்சியில் தட்டினாள். இரண்டு தாளமும் சேரவில்லை. எல்லாம் அடங்கி அக்கா முந்தானையில் மூக்கைத் துடைத்தபோது, கோவிந்தம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அஞ்சல, உன் கையப் பாரு."

"இன்னா கையி?"

"நனஞ்சிருக்குது."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். தயிர் வழிந்துகொண்டிருந்தது.

"சம்பந்தி வூட்டுப் பண்டம் உள்ள போயிடுச்சி. முடிஞ்சிது கத. எல போட்டு நீயும் உக்காரு."

யாழினி சிரிப்பை நிறுத்தினாள்.  அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தெரியாம நனச்சது சேராது" என்றாள்.

7

அன்று சாயங்காலம் நான் கூண்டில் நின்றேன்.

"போன்ல இன்னா சொன்ன?"

"முள்ளங்கி மாதிரின்னு."

"சாம தெரியும். குதிரவாலி தெரியும். அது இன்னாடா குதிர முள்ளங்கி? குதிரைக்கே அத வச்சா குதிர சும்மா இருக்குமா?"

யாழினி பாத்திரங்களை ணங் ணங்கென்று கழுவினாள். மறுநாள் கல்வராயன் மலைக்குப் போவதாக ஏற்கெனவே திட்டம். அக்கா பருவத்துக்குப் பருவம் வேலைக்குப் போகிற காடு ஒன்று வெள்ளிமலைப் பக்கம் இருக்கிறது. அதன் சொந்தக்காரப் பெண்மணி அக்காவின் பழைய சிநேகிதி. "வாங்க, மலையில காத்தாவது நல்லா இருக்கும்" என்று அவர் கூப்பிட்டிருந்தார். போவதா வேண்டாமா என்று நான் கேட்டபோது, அக்கா "போலாம்" என்று மட்டும் சொன்னாள். வளைவு வளைவாகக் கார் ஏறியது.  தோமெக் ஒவ்வொரு வளைவிலும் தலையை மேலே இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

அந்தக் காட்டில் ஒரு ஓரத்தில் மரவள்ளி நின்றது. வந்தவர்களுக்கு வேகவைக்க நாலு செடி பிடுங்குங்கள் என்றார் காட்டுக்காரம்மா. தோமெக் ஒன்றைப் பிடித்து வீரமாக இழுத்தான். தண்டு கையோடு வந்தது. கிழங்கு மண்ணோடு நின்றது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பார்பரா அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். தண்டைத் தாழ்வாகப் பிடித்து, இழுக்காமல், இப்படியும் அப்படியும் சும்மா ஆட்டினார். குனிந்து வேர்ப்பக்கம் மண்ணைக் கையால் விலக்கினார். மறுபடி ஆட்டினார். மண் லேசாக வெடிப்பு விட்டதும் உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்தார். ஆறு கிழங்கு, ஒன்றும் ஒடியாமல், முழுக் குலையாக மேலே வந்தது.

அக்கா கிட்டே போனாள். குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனி முறிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு பார்பராவின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"எங்கக் கத்துக்கினாங்களாம்?"

யாழினி கேட்டுச் சொன்னாள். அந்த ஹ்ஷான் கிழங்கும் இப்படித்தான் ஆழமாகப் போகுமாம். துண்டு உள்ளே நின்றுவிட்டால் அடுத்த வருடம் தோட்டம் முழுக்க அதுவே முளைக்குமாம். அதனால் முறியாமல் எடுக்கப் பழகியது. துருவும்போது அழுகை வரும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, அழுதுகொண்டே துருவுவாராம். அத்தைக்கு அனுப்பிய பாட்டிலுக்கு ஒரு மத்தியானம் முழுக்க அழுதாராம்.

அக்கா இன்னொரு செடியைப் பிடித்தாள். பார்பரா அதற்கு அடுத்ததைப் பிடித்தார். நாலு செடி போதும் என்று காட்டுக்காரம்மா சொல்லச் சொல்ல இருவரும் பதினொன்று பிடுங்கினார்கள். நான் எண்ணினேன்.

கிழங்கு வெந்தது. ஆவி பறக்கத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு மோர். எல்லோரும் கையை நீட்டும்போது அக்கா யாழினியைப் பார்த்து, "அந்தக் குதிரைய எடு" என்றாள்.

"எத அத்தே?"

"காருல பை இருக்குது. அதுல பாட்டிலு இருக்குது. மிச்சம் பாதி எங்கப் போவும்?"

அவளே எடுத்து வைத்திருக்கிறாள்! காலையில், யாருக்கும் தெரியாமல். யாழினி ஓடிப்போய் எடுத்துவந்தாள். அக்கா மரவள்ளித் துண்டு ஒன்றைப் பிட்டு, மோரில் நனைத்து, பாட்டிலுக்குள் விரலைவிட்டு வெள்ளையை எடுத்து அதன்மேல் தாராளமாக வைத்தாள். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. இது தெரிஞ்சே நனைக்கறது."

வாயில் போட்டாள். மூன்றாவது கணம் வந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் மென்றாள், விழுங்கினாள், "நல்லாத்தான் இருக்குது, கருவாட்டுக்கு இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். பார்பராவும் ஒரு துண்டை அப்படியே செய்து போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். யாழினி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா பார்பராவின் தட்டில் கிழங்கை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"போடும்" என்றார் பார்பரா. இந்த முறை போதும் என்ற பொருளில் இல்லை என்று நினைக்கிறேன்.

8

இதோ, போன்.

"கோழி போச்சாக்கா?"

"போச்சி. அரிசியும் போச்சி. எழுதிக்கினியா?"

"நீ சொல்லு."

"சம்பந்தி வூட்ல கை நனைக்க வரேன். எழுது."

நான் பேனாவை எடுத்து, பிறகு தயங்கினேன். "அக்கா, விசா ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு அது புரியாது. குடும்ப விருந்து மாதிரின்னு எழுதட்டுமா?"

 மறுமுனையில் கோழி கத்துவது கேட்டது.

"மாதிரியா? டேய் சேகரு, நீ இன்னொரு தபா அந்த வார்த்தைய சொன்ன, நான் அங்க வந்து மொத வேலையா உன் மூக்குல அந்தக் குதிரைய வுடுவேன்."

கட்டத்தில் அக்கா சொன்னதை அப்படியே, தமிழ் உச்சரிப்பிலேயே, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். அதன் கீழே "விளக்கம்: இணைப்பு 1" என்று குறித்தேன். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கை நனைத்தல் என்றால் என்ன, எப்போது அது சேரும், எப்போது சேராது என்று போலிஷ் மொழியில் ஒரு பக்கம் எழுதினேன். மாதிரி என்ற சொல்லை ஓர் இடத்திலும் போடவில்லை.